கை ஊசி

போன மாதம் கவிதா போன் செய்தாள். போடிமெட்டுக்கு ஏறும் மலையின் அடிவாரத்தில், நான் வேலை பார்த்த துணை சுகாதார நிலையத்தில் இப்போது அவள்தான் கிராம சுகாதாரச் செவிலியர். "அக்கா, தட்டம்மை ஒழிப்புக்கு ஒரு மலர் போடுறாங்க. உங்க அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தாங்க. நல்லதா எழுதுங்கக்கா" என்றாள். கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். எழுதி அனுப்பினேன். இடம் போதவில்லை என்று திரும்பி வந்தது. அதில் இருந்ததையும், நாலு பக்கத்துக்காக நான் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மலரின் அட்டையைக் கவிதா படமாக அனுப்பியிருந்தாள். உலகம் முழுவதும் தட்டம்மையால் சாகிற குழந்தைகள் பெருமளவு குறைந்துவிட்டார்கள், காரணம் தடுப்பூசி என்று அதில் இருந்தது. அது உண்மை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் ஒரே தெருவிலிருந்து மூன்று பிள்ளைகளைப் புதைக்கத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். ஓய்வு பெற்றபோது என் பகுதியில் அப்படி ஒரு தெரு கிடையாது. ஊசியின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அதைப் பிள்ளையின் கை வரைக்கும் கொண்டுபோகிற எங்கள் மேல்தான்.

பயிற்சி பதினெட்டு மாதம். பாதி நாள் வார்டில் படுக்கை விரிப்பு மாற்றினோம், மீதி நாள் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்தினோம். கண்ணாடி சிரிஞ்சை மண்ணெண்ணெய் அடுப்பில் வேகவைத்த காலம் அது. தடுப்பூசி அட்டவணையும் எளிது. பிறந்ததும் இடது கையில் காசநோய்க்கான ஊசி. அதை ஆஸ்பத்திரியிலேயே போட்டு அனுப்பிவிடுவார்கள். பிறகு முத்தடுப்பு ஊசி, மூன்று தவணை, தொடையில். ஒன்பது மாதம் முடிந்ததும் வலது கையில் தட்டம்மை ஊசி. ஆக, கிராமத்தில் நாங்கள் போடுவதில் கையில் போடுவது அது ஒன்றுதான்.

அம்மை என்ற சொல்லை வாசலில் நின்று சொன்னால் பல வீடுகளில் முகம் மாறிவிடும். அம்மனின் பேரையும் ஊசியையும் ஒரே மூச்சில் சொல்வது அவர்களுக்கு ஆகாது. அதனால் 'தொடை ஊசி', 'கை ஊசி' என்று பேச்சில் வைத்துக்கொண்டோம். எனக்கு மூத்தவர்கள் அப்படித்தான் பேசினார்கள். நானும் பேசினேன். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அதையே பழக்கினேன். முப்பது வருடம் அந்தச் சொல்லால் ஒரு தொந்தரவும் வரவில்லை.

புதன்கிழமை ஊசி நாள். காலையில் குளிர்பெட்டிக்குள் நாலு பக்கமும் பனிக்கட்டிப் பைகளை நிறுத்தி, நடுவில் மருந்துக் குப்பிகளை வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். தட்டம்மை மருந்து குப்பியின் அடியில் உலர்ந்த வெள்ளை வில்லையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதோடு வருகிற நீரை மட்டுமே சேர்த்துக் கரைக்க வேண்டும். அந்த நீரும் அதே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். கரைத்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுத வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து நாலு மணி நேரம்தான். அதற்குப் பிறகு எத்தனை டோஸ் மிச்சமிருந்தாலும் தொடக் கூடாது. உள்ளே கிருமி வளர்ந்து, காப்பாற்ற வந்த மருந்தே பிள்ளையைக் கொன்றுவிடும். ஒரு குப்பியில் ஐந்து டோஸ்.

ஏலத்தோட்டத்தின் நேரம் இந்த நாலு மணி நேரத்தோடு ஒத்துப்போகாது. காலை ஒன்பதுக்கு அடிவாரத்தில் குப்பியை உடைத்தால் ஒரு மணிக்கு அதை ஒதுக்க வேண்டும். மேலே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு நான் போய்ச் சேர்வது மூன்றரைக்கு. தாய்மார்கள் காய் எடுத்துவிட்டுக் காட்டிலிருந்து திரும்புவது நாலரைக்கு. பதினாலு வீடு கொண்ட அந்த லயம் எங்கள் எல்லைக்குள் இருந்தாலும், அங்கே போக போடிமெட்டு வரை ஏறி, சோதனைச் சாவடியைத் தாண்டி, கேரளப் பக்கம் கொஞ்சம் ஓடி, மறுபடி நம் பக்கம் இறங்க வேண்டும். அந்தப் பக்கத்து நர்சுகள் அதைத் தங்கள் பகுதியாக எண்ணியதில்லை. நம் பக்கத்திலும் என்னைத் தவிர வேறு எந்த நர்சுக்கும் அங்கே போகும் வேலை இல்லை. ஆக, லயத்துக்கென்று தனியாக ஒரு குப்பியைச் சாயங்காலம் அங்கே வைத்து உடைத்தால்தான் உண்டு. அங்கே ஊசிக்கு வயது வந்த பிள்ளை பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. எல்லோரையும் 'அம்மா' போட்டு, 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். மாதக் கூட்டத்தில் பதிவேட்டின் மேல் ஒரு இரும்பு ஸ்கேலை வைத்து வரி வரியாகக் கீழே இறக்குவார். ஸ்கேல் எந்தப் பெயரில் நிற்கிறதோ அவர் எழுந்து நிற்க வேண்டும்.

"கை ஊசி எத்தனை பாட்டில் உடைச்சீங்கம்மா?"

"நாலு சார்."

"நாலு பாட்டில். இருபது டோஸ். பிள்ளைங்க எத்தனை?"

"ஒம்பது சார்."

"மிச்சம் பதினொண்ணையும் காத்துக்குப் போட்டுட்டீங்க. மலைக்காத்துக்கு இனி ஜென்மத்துக்கும் அம்மை வராது."

எல்லோரும் சிரிப்பார்கள். மற்றவர்கள் எழுந்து நின்ற மாதங்களில் நானும் சிரித்திருக்கிறேன். ஸ்கேல் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். திட்டு என்று சொல்ல அதில் ஒன்றும் இருக்காது. ஆனால் அந்தச் சிரிப்பு முடிகிற வரை நின்றுகொண்டிருப்பது எப்படி என்று நின்றவர்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியை உடை, பிள்ளையைத் திருப்பி அனுப்பாதே. இது எழுத்தில் இருக்கிற உத்தரவு. நிலையத்துச் சுவரில் நானே பசை தடவி ஒட்டியது. டாக்டரும் அதை மறுத்ததில்லை. "உடைக்காதீங்கன்னு நான் எப்பவாச்சும் சொன்னேனா? யோசிச்சு உடைங்கன்னுதான் சொல்றேன்" என்பார். அவருக்கு மேலே இருந்தவர்கள் வீணான டோஸ் எவ்வளவு என்று அவரைக் கேட்டார்கள். அவர்களை அவர்களுக்கு மேலே இருந்தவர்கள் கேட்டார்கள். போடாமல் விட்ட பிள்ளை எத்தனை என்று கேட்டு யாரும் எங்களை எழுந்து நிற்கச் சொன்னதில்லை.

அதனால் யோசிக்கக் கற்றுக்கொண்டோம். "வர்ற மாசம் வா, அஞ்சு பிள்ளை சேரட்டும்" என்று சொல்லப் பழகினோம். அதைவிடச் சுலபமான ஒன்றையும் கண்டுபிடித்தோம். "போட்டாச்சா?" என்று கேட்காமல் "போட்டாச்சுல்ல?" என்று கேட்பது. அப்படிக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் ஆமாம் என்பார்கள். நாள் முழுக்கக் காட்டில் குனிந்து நிமிர்ந்துவிட்டு வந்து, அட்டைப்பூச்சியை உதறிக்கொண்டே நிற்கிற பெண்ணுக்கு, ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிடுவதுதான் சௌகரியம். எங்களுக்கும் அதுதான் சௌகரியம்.

கொரோனாவுக்குச் சில வருடங்களுக்கு முன் அட்டவணையில் போலியோ ஊசி சேர்ந்தது. ஒன்றரை மாதத்திலும் மூன்றரை மாதத்திலும், வலது கையில். அன்றிலிருந்து மூன்றரை மாதப் பிள்ளைக்கே இரண்டு கையிலும் ஊசி போட்டிருக்கும். பயிற்சி வகுப்பில் அளவைச் சொன்னார்கள், ஆழத்தைச் சொன்னார்கள், எந்தக் கை என்றும் சொன்னார்கள். கை ஊசி என்ற சொல் இனிமேல் உதவாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் இருந்து குறிப்பெடுத்த எனக்கும் அது தோன்றவில்லை. அடுத்த புதன்கிழமையும் அதே சொல்லோடுதான் கிளம்பினேன்.

காய் எடுப்பு தொடங்கியிருந்த ஒரு புதன்கிழமை, லயத்துக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. செல்வி என்ற பெண் அந்த வாரம்தான் மேலே வந்திருந்தாள். இருபத்திரண்டு வயது. பிறந்த வீடு மலைக்குக் கீழே தேவாரம் என்ற ஊர். பிரசவத்துக்கு அங்கே போய், பிள்ளைக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிந்து, தவழத் தெரிந்த பிறகு புருஷனிடம் திரும்பியிருக்கிறாள். புருஷன் முருகன் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. பிள்ளையின் பெயர் தனுஸ்ரீ.

"பிள்ளைக்கு எத்தனை மாசம் ஆத்தா?"

"பதினொண்ணு நடக்கு நர்சம்மா."

"ஊசி அட்டைய எடு."

"அட்டை அம்மா வீட்டுல இருக்கு. இங்க மழையில நனைஞ்சிரும்னு அங்கனயே வச்சிட்டு வந்தேன்."

"கை ஊசி போட்டாச்சுல்ல?"

"போட்டாச்சு நர்சம்மா. ரெண்டு கையிலயும் போட்டாச்சு." பிள்ளையின் சட்டையை ஏற்றி இடது கைத் தழும்பைக் காட்டினாள்.

பக்கத்து வீட்டு ராசாத்தி காய்ச் சாக்கை இறக்கிக்கொண்டிருந்தாள். "ரெண்டு கையிலயும் போட்ட பிள்ளைக்கு நீங்க எங்கிட்டுப் போடப் போறீங்க, காதுலயா? வெரசாப் போங்க நர்சம்மா. பாண்டியண்ணன் ஜீப்ப எடுத்துட்டாருன்னா இன்னைக்கு எங்க வீட்டுலதான் கஞ்சி குடிச்சிட்டுப் படுக்கணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கீழே, என்னைக் கூட்டி வந்த ஜீப் டிரைவர் பாண்டி ஹாரன் அடித்தார்.

பெட்டிக்குள் உடைக்காத குப்பி ஒன்று இருந்தது. லயத்தில் மற்ற பிள்ளைகளின் பெயருக்கு நேராக ஏற்கெனவே டிக் இருந்தது. பாக்கி இந்த ஒரு பிள்ளைதான். உடைத்தால் நாலு டோஸ் வீண். அட்டை இல்லாத பிள்ளையை ஊசி போடாத பிள்ளையாகவே எடுத்துக்கொள், போடு என்பது நான் முதல் வருடத்தில் படித்த பாடம். அவள் சொன்ன பதில் எனக்கு வசதியாக இருந்தது. பச்சை மையில் டிக் போட்டுவிட்டு ஜீப்புக்கு இறங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை மதியம், பேச்சியம்மாள் வந்தாள். என் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அங்கன்வாடியின் டீச்சர். சத்துமாவு கொடுக்க வாரம் ஒருமுறை லயத்துக்குப் போய் வருகிறவள்.

"அக்கா, மேல ஒரு பிள்ளைக்கு அம்மா விளையாடுதாம். அஞ்சு நாளாச்சாம். எங்கிட்டயே இன்னைக்குத்தான் சொல்றாளுக."

"யாரு பிள்ளை?"

"செல்வி பிள்ளை. ஆனா அது ஊசி போட்ட பிள்ளைதானக்கா. உங்க நோட்டுல டிக் இருக்கே."

பாண்டியின் ஜீப்பில் போனேன். வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. பிள்ளை பாயில் கிடந்தது. காதுக்குப் பின்னால் தொடங்கிய தடிப்பு முகத்தில் பழுப்பாக மாறத் தொடங்கியிருந்தது. கண் பீளை கட்டி ஒட்டியிருந்தது. சட்டையை விலக்கி வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் மூச்சை எண்ணினேன். அறுபத்திரண்டு. நாற்பதைத் தாண்டினாலே ஆபத்து. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. வைட்டமின் ஏ மருந்தை வாயில் விட்டேன். பாதி வெளியே வந்தது. "இப்பவே கீழ கொண்டு போகணும்" என்றேன். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் பிள்ளையை வாசல் தாண்டி எடுக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். செல்வி அதைக் காதில் வாங்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஜீப்பில் ஏறினாள்.

போடிமெட்டிலிருந்து கீழே பதினேழு வளைவு. மதியம் மூன்று மணிக்கே மூடுபனி. பாண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு இறக்கினார். மூன்றாவதோ நாலாவதோ வளைவில் செல்வி கேட்டாள்.

"ஊசி போட்ட பிள்ளைக்கு லேசாத்தான் வரும்னு சொல்வாக. அப்படித்தான நர்சம்மா?"

அப்போதுதான் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"ஒம்பது மாசம் முடிஞ்சு ஒரு ஊசி போட்டாங்களா?"

"ஒம்பது மாசத்துலயா? அப்ப நாங்க ஆசுபத்திரிப் பக்கமே போகலையே. ரெண்டு கையிலயும் மூணரை மாசத்துக்குள்ளயே போட்டு முடிச்சிட்டாங்கள்ல."

பாண்டி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிள்ளையின் தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலையில் பிள்ளை இறந்தது. தட்டம்மை, அதைத் தொடர்ந்த நிமோனியா. இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

அடுத்த நாள் டாக்டரின் அறைக்குப் போனேன். "சார், அந்தப் பிள்ளைக்கு ஊசி போடலை. நான் கேட்ட விதம் தப்பு" என்று தொடங்கினேன்.

"கதவைச் சாத்திட்டு உக்காருங்கம்மா."

சாத்திவிட்டு உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க போட்டதா எழுதலையே?"

"போட்டாச்சுன்னு டிக் பண்ணியிருக்கேன் சார்."

"யார் சொல்லி?"

"அந்தப் பொண்ணு சொல்லித்தான்."

"அவ்வளவுதான். தாய் சொன்னதை நீங்க எழுதினீங்க. ஒரு டோஸ் போட்டாலும் சில பிள்ளைகளுக்கு எதிர்ப்பு சக்தி வராதும்மா. புத்தகத்துலயே இருக்கு. நீங்களா போய் எதுக்குத் தலையைக் குடுக்குறீங்க? ரிட்டையர்மென்டுக்கு இன்னும் எத்தனை வருஷம்?"

"நாலு சார்."

"நாலு வருஷம்" என்று மெதுவாகச் சொன்னார். படிவத்தை எடுத்து, ஸ்கேலை வைத்து, அழகான கையெழுத்தில் எழுதினார். தடுப்பூசி: போடப்பட்டது. ஆதாரம்: தாயின் வாய்மொழித் தகவல். புத்தகத்தில் இருந்ததாக அவர் சொன்னது புத்தகத்தில் இருந்தது. தாய் சொன்னாள் என்பதும் நடந்ததுதான். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பொய்யில்லை. கீழே எனக்கான இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அட்டையைப் பார்க்காமல், அதே கேள்வியைக் கேட்டு, அந்த லயத்தில் மட்டும் நான் போட்ட பச்சை டிக் இன்னும் பத்து இருந்தது. ராசாத்தியின் மகன் ஹரி அதில் ஒருவன். இரண்டு வயது.

அந்த வாரமே டாக்டரும் நாங்களும் இரண்டு வண்டியில் லயத்துக்குப் போனோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் மறுபடி ஊசி போட வேண்டும் என்பது விதி. ஒரு கதவும் திறக்கவில்லை. ராசாத்திதான் எல்லோருக்குமாகப் பேசினாள்.

"போட்ட பிள்ளையே போயிருச்சு. இன்னொரு ஊசியப் போட்டு எங்களுதும் போகணுமா? உங்க பெட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க சார்."

டாக்டர் பொறுமையாக விளக்கினார். எதிர்ப்பு சக்தி, ஒரு டோஸ், இரண்டு டோஸ். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். அந்தப் பிள்ளைக்குப் போடவே இல்லை என்று நாலு சொல்லில் சொன்னால் கதவுகள் திறக்கும் என்று அங்கே இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் பேசிக்கொண்டிருந்தார், இன்னொருத்தி பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட வந்த அதிகாரி ஒருவர் செல்வியைத் தனியாக நிறுத்தி, "போட்டாச்சுன்னு சொன்னது நீதானே, நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று மூன்று முறை கேட்டு எழுதிக்கொண்டார். முருகன் ஸ்டோர் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு குப்பியும் உடைக்காமல் திரும்பினோம். அந்த மாதக் கூட்டத்தில் என் வரியில் ஸ்கேல் நிற்கவில்லை. வீணான டோஸ் எதுவும் இல்லை.

ஒன்பது நாள் கழித்து, ஹரிக்குக் காய்ச்சலும் கண் சிவப்பும் என்று பேச்சியம்மாள் சொன்னாள். நான் டாக்டரிடம் கேட்கவில்லை. பெட்டியில் இரண்டு குப்பியைக் கட்டிக்கொண்டு பாண்டியின் ஜீப்பில் ஏறினேன். வழியில் பாண்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இன்னைக்காச்சும் சொல்லிருவீங்களா?"

குழாயடியில் நின்று காத்திருந்தேன். நாலரைக்குச் சாக்குகளோடு வந்தார்கள். செல்வியும் வந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"செல்வி பிள்ளைக்கு இந்த ஊசி போடலை. போட்டதால போகலை. போடாததால போயிருச்சு."

ராசாத்தி சாக்கைக் கீழே வைத்தாள். "நீங்கதான போட்டாச்சுன்னு எழுதிட்டுப் போனீங்க?"

"கை ஊசின்னு நான் கேட்டது அம்மைக்குப் போடுறதை. அவ சொன்னது போலியோவுக்குப் போட்டதை. அதுவும் கையிலதான் போடுறோம். அட்டை இல்லாத பிள்ளைக்கு நான் போட்டுட்டுத்தான் போயிருக்கணும். பாட்டில் எங்கிட்ட இருந்துச்சு. ஒரு பிள்ளைக்காக உடைச்சா கூட்டத்துல திட்டு விழும்னு உடைக்காமப் போயிட்டேன். உங்க பிள்ளைகளுக்கும் அப்படிக் கேட்டுத்தான் டிக் போட்டிருக்கேன்."

"திட்டுக்குப் பயந்தா?" ராசாத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். "காய் ரெண்டு கிலோ கொறைஞ்சா நாங்க தெனமும் கங்காணிகிட்டத் திட்டு வாங்குறோம். ஆத்தா, அக்கான்னு இழுத்து வச்சுத் திட்டுறான். வாங்கிக்கிட்டு வந்து சோறாக்குறோம். திட்டு வாங்குனா செத்தா போயிருவீங்க?"

பெட்டியைக் குழாய்த் திண்டில் வைத்தேன்.

செல்வி கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தாள். அழவில்லை. "நீங்க கேட்டதுக்கு நான் சரியாத்தான சொன்னேன்?" என்றாள்.

"சரியாத்தான் சொன்னே ஆத்தா."

"அன்னைக்கு அந்த ஆபீசர் மூணு வாட்டி கேட்டாரு. அதுலருந்து எங்க வீட்டுக்காரரு எங்கூடப் பேசுறதில்ல. நீ என்னத்தையோ மாத்திச் சொல்லித்தான் பிள்ளையக் கொன்னுட்டன்னு இருக்காரு. வாங்க. அவர்கிட்ட வந்து சொல்லுங்க."

முன்னால் நடந்தாள். ஸ்டோருக்குள் புகையும் சூடும் இருந்தது. முருகன் தட்டில் காயைப் புரட்டிக்கொண்டிருந்தான். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை என்றேன். அவன் புரட்டுவதை நிறுத்தாமல் கேட்டான். முடிந்ததும், "சரி" என்றான். செல்வியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. செல்வி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே போனாள்.

குழாயடிக்குத் திரும்பியபோது பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். என் மேல் வந்த நம்பிக்கையால் இல்லை. செத்தது ஊசி போட்ட பிள்ளை இல்லை என்று தெரிந்துகொண்டதால் நின்றார்கள். ஒன்பது பிள்ளைகளுக்குப் போட்டேன். ராசாத்தி ஹரியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவன் பிழைத்தான். சீழ் வைத்து இடது காது மந்தமாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் போன நாளிலேயே போட்டிருந்தாலும் அவனுக்குத் தாமதம்தான் என்று பிறகு டாக்டர் சொன்னார். இருக்கலாம். அவன் பெயருக்கு நேராகப் பச்சை டிக் போட்ட நாளில் தாமதம் ஆகியிருக்கவில்லை.

படிவத்தைத் திருத்தும்படி எழுதிக் கொடுத்தேன். 'பார்வையிடப்பட்டது' என்று ஒரு சொல்லோடு திரும்பி வந்தது. இன்னொரு முறை எழுதினேன். அது திரும்பி வரவே இல்லை. டாக்டர் பதவி உயர்வில் வேறு மாவட்டம் போனார். வழியனுப்பு விழாவில் நல்லபடியாகப் பேசினார், எங்களுக்கும் நல்லது நடக்க வேண்டும் என்றார். கோப்பில் இன்றும் 'தாயின் வாய்மொழித் தகவல்' என்றுதான் இருக்கிறது. செல்வி சொன்னது தவறு என்று அதைப் படிக்கிற எவரும் எடுத்துக்கொள்வார்கள்.

கவிதாவிடம் போனில் கேட்டேன். இப்போது எல்லாம் செல்போனில் பதிகிறார்களாம். டிக் போடக்கூட வேண்டாம், விரலால் தொட்டால் பச்சையாகிவிடுமாம். "என்னன்னு கேட்டுத் தொடுறே?" என்றேன். "கை ஊசி போட்டாச்சுல்லன்னுதான் கேக்குறோம்க்கா. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றாள். அவளுக்குச் சொன்னதையே இதைப் படிக்கிற நர்சுகளுக்கும் சொல்கிறேன். அம்மை என்ற சொல்லை வாயால் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஒன்பது மாதம் முடிந்து போடுகிற அம்மை ஊசி என்று முழுசாகச் சொல்லுங்கள். அட்டையைப் பாருங்கள். அட்டை இல்லையென்றால் உடையுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறு மாதம் முன்பு, ஒரு புதன்கிழமை காலையில் செல்வி நிலையத்துக்கு வந்தாள். அன்று காட்டு வேலைக்குப் போகாமல், விடிந்ததும் ஜீப் பிடித்து மலையிறங்கி வந்திருந்தாள். இடுப்பில் ஆண் பிள்ளை. ஒன்பது மாதம் முடிந்து இரண்டு நாள். வேறு யாரும் வந்திருக்கவில்லை. நான் நலம் விசாரித்தேன். தலையை மட்டும் அசைத்தாள்.

பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்தேன். கையை நீட்டி வாங்கிப் பார்த்தாள். லேபிளில் இருந்த எழுத்தை உதடு அசையப் படித்தாள். "அம்மைக்குப் போடுறதுதான இது?"

"அதுதான்."

"உடைங்க."

உடைத்தேன். கரைத்து, நேரத்தை எழுதினேன். பிள்ளையின் வலது கையை அவளே பிடித்துக்கொண்டாள். ஊசி உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கண்ணை எடுக்கவில்லை. பிள்ளை வீறிட்டு அழுது அடங்கியது. அட்டையை வாங்க நான் பேனாவோடு கையை நீட்டினேன். அவள் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போட்டது நீங்க போட்டீங்க, சரி. எழுதுறத மட்டும் பேச்சியம்மா டீச்சர் வந்து எழுதட்டும்."

அங்கன்வாடிக்கு ஆள் அனுப்பினேன். பேச்சியம்மாள் பிள்ளைகளுக்கு உப்புமா கொடுத்து முடித்து வர அரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை செல்வி பெஞ்சில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பேச்சியம்மாள் வந்து, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதினாள். செல்வி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, "வர்றேன் டீச்சர்" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.